பெருவிரல் புடைப்பு: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

"டாக்டர், அம்மாவுக்குக் காலில் பனியன் இருக்கிறது" என்று மகள் சொன்னதும், அருகில் அமர்ந்திருந்த தாயார் சிரித்துவிட்டார். நம் ஊரில் பனியன் என்றால் சட்டைக்குள் அணிவது. இந்நோயின் ஆங்கிலப் பெயர் ஏறத்தாழ அதே போல் ஒலிப்பதால் வரும் குழப்பம் இது. "எங்கள் மாமனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கச்சேரியில் வேலை பார்த்தவர். அவருக்கும் இது இருந்தது. அவர் இதை ஒஞ்ஞோன் என்பார்" என்றார் தாயார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வெங்காயம் என்று பொருள். பெருவிரலின் அடிமூட்டில், தோலுக்குக் கீழே சிறு வெங்காயத்தை வைத்தாற்போல் புடைத்திருப்பதைப் பார்ப்பவர்கள் அந்தப் பெயரை மறுக்கமாட்டார்கள்.

மகள் பிரான்சில் குடியிருப்பவர். 5 வார விடுமுறையில் வந்திருந்தார். திரும்பிச் செல்வதற்குள் தாயாருக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். தாயாருக்கு வயது 62. "வலிக்கிறதா?" என்று கேட்டேன். அவர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணம், காட்சிக்கு ஷூ மாதிரி மூடிய செருப்புப் போட்டால் வலிக்கும். வீட்டில் வலிப்பதில்லை" என்றார்.

அன்று நாங்கள் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. ஏன் குறிக்கவில்லை என்பதையும், பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்வதற்கே இக்கட்டுரை. அவர்களுடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

புடைப்பு எப்படி உண்டாகிறது?

பலரும் நினைப்பதுபோல் இது புதிதாக வளர்ந்த எலும்பு அன்று. பெருவிரலுக்குப் பின்னால், பாதத்தின் உட்புறம் நீண்டிருக்கும் எலும்பு சிறிது சிறிதாக மற்றப் பாதத்தை நோக்கிச் சாய்கிறது. பெருவிரல் அதற்கு எதிர்த்திசையில், இரண்டாம் விரலை நோக்கித் திரும்புகிறது. இரண்டும் கூடும் மூட்டு, வளைந்த முழங்கை போல் வெளியே துருத்துகிறது. அந்த இடத்தில் காலணி உரசும்போது தோல் சிவந்து தடிக்கிறது. உள்ளே உள்ள நீர்ப்பை வீங்குகிறது. ஆகவே, புடைப்பை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டால் போதாதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'போதாது' என்பதே விடை. சாய்ந்த எலும்பை நேர்செய்யாமல் புடைப்பை மட்டும் அகற்றினால் அது மீண்டும் வர வாய்ப்பு அதிகம்.

நிற்கும் நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்தச் சாய்வை அளக்கிறோம். பெருவிரல் 15 டிகிரி வரை திரும்பியிருப்பதும், முதல் இரண்டு பாத எலும்புகளுக்கு இடையிலான கோணம் 9 டிகிரி வரை இருப்பதும் இயல்பு. அதற்கு மேற்பட்டால் இந்நோய் என்கிறோம். படுத்த நிலையில் எடுத்த படத்தில் உண்மையான சாய்வு தெரியாது. வெளியில் எடுத்த படத்தைக் கொண்டு வருபவர்களிடம் நாங்கள் மீண்டும் ஒரு படம் கேட்பது இதனால்தான்.

இது அரிய நோய் அன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஆய்வுரை ஒன்று, 18 முதல் 65 வயதுக்குட்பட்டோரில் 23 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கும் இது இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தாய்க்கோ பாட்டிக்கோ இருந்தால் நமக்கும் வருவதற்கு வாய்ப்புண்டு. பாதத்தின் அமைப்பு குடும்பத்தில் தொடர்வது.

பரம்பரை ஒருபுறம் இருக்க, காலணிக்கும் பங்குண்டு. 1958-இல் லாம் சிம் ஃபூக், ஹாட்ஜ்சன் என்ற மருத்துவர்கள் ஹாங்காங்கில் செய்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காலணி அணிந்து பழகியவர்களில் 33 விழுக்காட்டினருக்கு இந்தப் புடைப்பு இருந்தது. காலணியே அணியாதவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது. வெறுங்காலிலும் திறந்த செருப்பிலும் நடந்து பழகிய நம் மக்களில் பலர், புடைப்பு இருந்தும் வலி தெரியாமல் வாழ்நாளைக் கழித்துவிடுவதற்குக் காரணம் இதுவே. செருப்பில் புடைப்பை அழுத்துவதற்கு எதுவும் இல்லை. தொந்தரவு வருவது பணியின் நிமித்தம் நாள் முழுதும் மூடிய காலணி அணிபவர்களுக்கு: சிவப்புத் தொப்பியும் பூட்ஸுமாக முச்சந்தியில் நிற்கும் நம் ஊர்க் காவலர், தொழிற்சாலைப் பணியாளர், செவிலியர், பாதுகாவலர்.

புடைப்பெல்லாம் இதுதானா?

பெருவிரல் மூட்டு வீங்கினால் உடனே இந்நோய் என்று முடிவு செய்துவிடக்கூடாது. இரவோடு இரவாகச் சிவந்து, போர்வை பட்டாலே தாங்க முடியாதபடி வலித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதமாக இருக்கலாம். விரல் நேராகவே இருந்து, மூட்டை மடக்கும்போது மட்டும் வலித்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். கைவிரல் மூட்டுகளும் காலையில் விறைத்திருந்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். இவற்றுக்கான மருத்துவம் வேறு. அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள்.

கத்தியில்லாமல் செய்யக்கூடியவை

முதல் மருந்து காலணிதான். முன்பகுதி அகலமாகவும் மேல்பகுதி மென்மையாகவும் உள்ள காலணியை, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் சென்று வாங்குங்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, அந்தத் தாளின் மேல் காலணியை வைத்துப் பாருங்கள். பாதத்தின் கோடு காலணிக்கு வெளியே தெரிந்தால் அது உங்களுக்குரிய காலணி அன்று. விலையோ பெயரோ இதை மாற்றிவிடாது.

புடைப்பின் மேல் வைக்கும் ஜெல் திண்டு உரசலைக் குறைக்கும். விரல்களுக்கிடையே வைக்கும் துண்டு ஒரு விரல் மற்றொன்றின் மேல் ஏறுவதைத் தடுக்கும். ஐஸ் ஒத்தடமும், மருத்துவர் கூறும் அளவில் வலி மருந்தும் வீக்கக் காலத்தில் உதவும். ஆனால், இரவில் மாட்டிக்கொண்டு படுத்தால் விரல் நேராகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். வளர்ந்தவர்களின் எலும்புச் சாய்வை அவை நிலையாகத் திருத்துவதில்லை.

பின்லாந்தில் 209 நோயாளிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை. இரண்டாம் பிரிவினருக்குக் காலணிக்குள் வைக்கும் தாங்கி. மூன்றாம் பிரிவினர் காத்திருந்தனர். தாங்கி அணிந்தோருக்கு 6 மாதத்தில் நிவாரணம் தெரிந்தது; ஓராண்டில் அந்தப் பயன் நீடிக்கவில்லை. ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் நிலையே மற்ற இருவரையும்விட நன்றாக இருந்தது. இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். தக்கவருக்குச் செய்தால் அறுவை சிகிச்சை உண்மையில் பலன் தருகிறது. காத்திருப்பதால் பொதுவாகப் பெரிய கேடு எதுவும் வந்துவிடுவதில்லை. புடைப்பு மெல்ல வளரலாம்; ஆனால் இது இந்த வாரமே முடிவெடுக்க வேண்டிய நோய் அன்று.

யாருக்கு அறுவை சிகிச்சை?

நான் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டில் அமைதியாக அமர்ந்து உங்களையே கேட்டுப் பாருங்கள்.

வலி வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இருக்கிறதா? அகலமான காலணியை மூன்று, நான்கு மாதமாவது உண்மையாக அணிந்து பார்த்தீர்களா? வலியால் விட்டுவிட்ட காரியம் எது: கடைக்குப் போவதா, கோயிலுக்குப் போவதா, வேலையா? இரண்டாம் விரல் மடங்கி மேலேறிவிட்டதா, அங்கே காய்ப்போ புண்ணோ உண்டாகிறதா? முதல் 6 வாரம் வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறார்களா? இதை வேண்டுமென்பவர் நீங்களா, அல்லது உங்களைச் சார்ந்தவர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்டபோதுதான் அந்தத் தாயாரும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைகள், ஊருக்கு வரும் சில வாரங்களில் பெற்றோருக்கு எல்லாவற்றையும் செய்து முடித்துவிடத் துடிப்பது இயல்பு. புதுச்சேரியில் எத்தனையோ குடும்பங்களில் இதைக் காண்கிறேன். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த அறுவை சிகிச்சையில் மருத்துவமனையில் கழிவது ஒன்றிரண்டு நாட்கள். வீட்டில் கழிவது பல மாதங்கள். விடுமுறையின் கடைசி வாரத்தில் அறுவை சிகிச்சை செய்துவிட்டு விமானம் ஏறினால், துணை மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் அந்தத் தாயார் தனியாக இருப்பார்.

வெறும் தோற்றத்துக்காக, வலியே இல்லாத பாதத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. திருமணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் கால் அழகாக வேண்டும் என்று வரும் இளம்பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். வலியில்லாத பாதத்தை வலியுள்ள பாதமாக மாற்றும் வாய்ப்பு எந்த அறுவை சிகிச்சையிலும் உண்டு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

நம் பகுதியில் இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பலருக்கு நீரிழிவும் இருக்கிறது. அவர்களுக்குக் கணக்கு இருபக்கமும் வெட்டும். ஒருபுறம், மரத்துப்போன காலில் புடைப்பின் மேல் காலணி உரசிப் புண் வந்தால் அது ஆபத்தானது. மறுபுறம், ரத்த ஓட்டம் குறைந்த பாதத்தில் அறுவைக் காயம் ஆறாமல் போகலாம். எனவே, பாதத்தின் நாடித்துடிப்பு, மெல்லிய நைலான் இழையால் உணர்ச்சிச் சோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கிறோம்.

மரத்த காலுக்கு, நோயாளிகள் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்கும் மென்ரப்பர்ச் செருப்பு பலருக்குப் போதுமானது. இதற்கு நம் அண்டையிலேயே ஒரு வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய சக பணியாளர்களும், தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களில் புண் வராமல் காக்க இவ்வகை ரப்பரைப் பயன்படுத்தினார்கள். வலி என்பது உடலின் காவலாளி, அது இல்லாத பாதத்துக்குக் காலணியும் கண்ணுமே காவல் என்ற பாடம் அங்கிருந்து வந்தது. நீரிழிவுள்ளவர்கள் 'வலிக்கவில்லையே' என்று இருந்துவிடாமல் நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதும் அதனால்தான்.

புகைப்பவர்கள் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். புகை எலும்பு கூடுவதையும் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறோம்?

முறைகள் பல, எல்லாருக்கும் ஒன்றே பொருந்தாது. சாய்வு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், பாத எலும்பின் தலைப்பகுதியை V வடிவில் வெட்டி நகர்த்தித் திருகால் பொருத்துகிறோம். சாய்வு இன்னும் மிகுந்தால், தச்சர்கள் இரு மரங்களைக் கோத்து இணைப்பதுபோல எலும்பை நீளவாட்டில் வெட்டி நகர்த்தும் முறை உண்டு. அதன் பெயரே தச்சு வேலையிலிருந்து வந்ததுதான். பாதத்தின் நடுவிலுள்ள மூட்டு தளர்ந்திருந்தால் அந்த மூட்டையே பிணைத்துவிடுகிறோம். பெருவிரல் மூட்டு முற்றிலும் தேய்ந்திருந்தால் அதையே அசையாமல் பிணைப்பது நல்லது. சிறு துளைகள் வழியே செய்யும் முறையும் இப்போது உண்டு. தழும்பு சிறியதாக இருக்கும். ஆனால் உள்ளே எலும்பு வெட்டப்படுவது அதேதான், அது கூட எடுக்கும் காலமும் அதேதான். 'லேசர்', 'தழும்பில்லை', 'மறுநாளே வேலைக்குப் போகலாம்' போன்ற சொற்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் பாதத்துக்கு எந்த முறை, ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து, அல்லது கணுக்காலில் ஊசி போட்டு இதைச் செய்துவிடலாம். அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம். இரண்டு பாதங்களிலும் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்வதையே நான் விரும்புகிறேன். ஊன்றிக்கொள்ள ஒரு கால் வேண்டும்.

ஒரு சிறு செய்தி, ஆனால் பலருக்கு மனத்தை உறுத்துவது: மெட்டி. அறுவைக்கு முன் அதைக் கழற்றியே ஆக வேண்டும். அறுவைக்குப் பின் விரல்கள் வீங்கும். மெட்டி இறுகினால் விரலுக்கு ரத்தம் போவது தடைப்படும். பல ஆண்டுகளாகக் கழற்றாத மெட்டியை அறுவை அரங்கின் வாசலில் வெட்டி எடுக்கும்போது சிலர் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முன்பே வீட்டில், உங்களுக்கு உகந்த நாளில், நீங்களே கழற்றி வைத்துவிடுங்கள். வீக்கம் முற்றும் வடிந்த பிறகு, தேவையானால் சற்றுப் பெரிதாக்கி, மீண்டும் அணியலாம்.

நீங்கள் உண்ணும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளையும் சர்க்கரை மாத்திரைகளையும் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை நாங்கள் சொல்வோம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான் சொல்லத் தவறிய ஒன்று

பல ஆண்டுகளுக்கு முன், நான் இத்துறைக்குப் புதியவனாக இருந்த காலத்தில், ஓர் அம்மையாருக்கு இந்த அறுவை சிகிச்சை செய்தேன். எலும்பு நேராகக் கூடியது. எக்ஸ்ரேயைப் பார்த்து மகிழ்ந்தேன். மூன்றாம் மாதம் அவர் அழுதுகொண்டே வந்தார். மகனுடைய திருமணத்துக்காக ஆசையாக வாங்கி வைத்த காலணி நுழையவில்லை. பாதம் மாலையானால் வீங்கியது. வெறுங்காலோடு வரவேற்பில் நின்றிருக்கிறார். "இப்படி ஆகும் என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார். மூன்றாம் மாதம் வீக்கம் இருப்பது இயல்புதான். ஆனால் அவர் கூறியது உண்மை, நான் சொல்லவில்லை. அறுவை முறையை விளக்கிய அளவுக்கு அதன் பின்வரும் மாதங்களை நான் விளக்கவில்லை.

அந்த அம்மையார் தனித்த ஒருவர் அல்லர். இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கோக்ரேன் அமைப்பின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை, வலியும் சாய்வும் குறைந்த பிறகும் 25 முதல் 33 விழுக்காட்டு நோயாளிகள் மனநிறைவு அடையாமலே இருந்தனர் என்று கூறியது. எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் இடையே உள்ள தூரம் இதற்கு ஒரு காரணம் என்பது என் அனுபவம். அதைக் குறைப்பது மருத்துவரின் கடமை.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பின்னும் குறுகிய, கூர்முனைக் காலணி உங்களுக்கு ஏற்றதாகாது. பெருவிரல் முன்போல் முழுதும் மடங்காமல் போகலாம். தழும்பின் அருகே தோல் மரத்திருக்கலாம். சிலருக்குச் சாய்வு மீண்டும் வரலாம். பாரம் இரண்டாம் விரலின் அடிப்பகுதிக்கு மாறி அங்கே வலி வரலாம். தொற்று, எலும்பு கூடத் தாமதம், காலில் ரத்தம் உறைதல் ஆகியவை அரிதாக நேரலாம். இவையெல்லாம் தெரிந்த பின்னும் 'என் வலிக்கு இது தகும்' என்று தோன்றினால், அறுவை சிகிச்சைக்கு நீங்கள் தயார்.

தேறும் காலம், வாரம் வாரமாக

முதல் 2 வாரம்: இவையே கடினமானவை. நாளின் பெரும்பகுதி படுத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளின் மேல் வைத்திருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து முக்காலியில் காலை வைப்பது போதாது. சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் மட்டும் எழலாம். பெரும்பாலான முறைகளில், தட்டையான கெட்டி அடியுள்ள சிறப்புக் காலணியை அணிந்து குதிகாலால் நடக்கலாம். மூட்டைப் பிணைக்கும் சில முறைகளில் பாதத்தை ஊன்றவே கூடாது. உங்களுக்கு எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டு நனையக்கூடாது; அதை நீங்களாக அவிழ்க்கவும் கூடாது. கட்டுதான் விரலை நேராக நிறுத்தி வைத்திருக்கிறது.

10 முதல் 14 நாளில்: தையல் பிரிக்கப்படும். அதன்பின் மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ காட்டியபடி விரலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி தொடங்கும். வலிக்குப் பயந்து இதை விட்டுவிட்டால் மூட்டு விறைத்துவிடும்.

6-ஆம் வாரம்: எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடியிருந்தால் அகலமான, மென்மையான காலணிக்கு மாறலாம். அமர்ந்து பார்க்கும் வேலைக்கு, பாதத்தை உயர்த்தி வைக்க வசதியிருந்தால், சிலர் 3, 4 வாரத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்கு 8 முதல் 12 வாரம் ஆகும்.

வண்டி ஓட்டுவது: 6 முதல் 8 வாரம் வரை வேண்டாம். இடது காலில் கியர், வலது காலில் பிரேக். எந்தக் காலானாலும் தடைதான். கியரில்லாத ஸ்கூட்டர்தானே என்பார்கள். சிக்னலில் நிற்கும்போது ஊன்றுவது காலைத்தான். திடீரென்று பிரேக்கை அழுத்தும் வலிமை வந்துவிட்டதா என்று சோதித்த பிறகே சாலைக்குச் செல்லுங்கள்.

3-ஆம் மாதம்: வீட்டு வேலைகள், கடைவீதி, அளவான நடை எல்லாம் முடியும். மாலையில் வீக்கம் வரும். இரவில் உயர்த்தி வைத்தால் வடியும். முன்விரலில் வார் கோக்கும் செருப்பு, சம்மணமிட்டு அமர்வது, குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது ஆகியவை மெல்ல மெல்லத் திரும்பும்.

6 முதல் 12 மாதம்: பாதம் தன் இறுதி வடிவத்தை அடையும் காலம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலால் சுற்றி வர எப்போது முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. வீக்கம் வடிந்து, வலியின்றி 5, 6 கிலோமீட்டர் நடந்து பழகிய பிறகு யோசிக்கலாம் என்பது என் பதில். பலருக்கு அது 6 மாதத்துக்குப் பிறகே.

வீட்டில் இருப்பவர்களுக்கு

நோயாளி வீடு வருவதற்கு முன் கீழ்த்தளத்தில் படுக்கை போட்டுவிடுங்கள். நம் பழைய வீடுகளின் திண்ணைப் படியும் குறுகிய மாடிப்படியும் ஒரு காலில் ஏறுவதற்கு உகந்தவை அல்ல. கீழே குந்தும் கழிவறை முதல் வாரங்களில் முடியாது. கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்காவது ஏற்பாடு செய்யுங்கள். குளிக்கும்போது ஸ்டூலில் அமர்த்தி, காலை நெகிழிப் பையால் மூடி வெளியே நீட்டச் செய்யுங்கள். தரையில் கிடக்கும் மிதியடி, மின்கம்பி, ஈரம் ஆகியவற்றை அகற்றுங்கள்.

அறுவைக்கான காலத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் தேங்கும் நாட்களில் கட்டு நனையாமல் மருத்துவமனைக்கு வந்து போவது பெரும்பாடு. அவசரமில்லாத சிகிச்சை இது. மழைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். நெடுந்தூர விமானப் பயணத்தை 6 வாரமாவது தள்ளிவையுங்கள். அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருப்பது காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஓய்வெடுக்க அனுமதிப்பது. நம் வீடுகளில் தாய்மார்கள் மூன்றாம் நாளே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. சமையலுக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்:

• காய்ச்சல், அல்லது காயத்தில் சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு
• காலை உயர்த்தி வைத்து மருந்து உண்டும் கூடிக்கொண்டே போகும் வலி
• விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ மாறுவது, சில்லிட்டுப் போவது
• கெண்டைக்கால் வீங்கி வலிப்பது
• திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி; இதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்

பின்னர் நடந்தது

அந்தத் தாயார் முதலில் அகலமான காலணிக்கு மாறினார். ஓராண்டுக்கு மேல் அது போதுமானதாக இருந்தது. பிறகு இரண்டாம் விரல் மேலேறத் தொடங்கியது. செருப்பிலும் வலி வந்தது. இம்முறை அவரே தனியாக வந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்கள் நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை தோழிகளோடு நடப்பது அவர் வழக்கம். "இப்போதெல்லாம் பாதி வழியில் அவர்களைப் போகச் சொல்லிவிட்டுச் சுவரில் உட்கார்ந்துவிடுகிறேன். அதனால்தான் வந்தேன்" என்றார். அவர் கேட்டது அழகான கால் அன்று. அந்த மீதிப் பாதி வழி. நாங்கள் நாள் குறித்தோம்.

மழைக்காலம் முடிந்து ஜனவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. மகள் இம்முறை விடுமுறையை அறுவை நாளிலிருந்து தொடங்கும்படி அமைத்துக்கொண்டார். அவர் திரும்பிச் சென்றபின் அண்டை வீட்டார் உணவு கொடுத்தார்கள். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் அந்தத் தாயார், "ஏன்தான் செய்துகொண்டேனோ என்றிருக்கிறது" என்று தொலைபேசியில் சொன்னார். அந்த நாளும் வரும் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன், அதை நினைவூட்டினேன்.

பதினொன்றாம் மாதம் பரிசோதனைக்கு வந்தார். பெருவிரல் சற்று விறைப்பாக இருக்கிறது. தழும்பருகே ஒரு ரூபாய் நாணயமளவு தோல் மரத்திருக்கிறது. துய்ப்ளே சிலை வரை சென்று திரும்புகிறார். மெட்டியை மீண்டும் அணிந்திருந்தார்.

மற்றக் காலிலும் புடைப்பு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். "அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வருகிறேன்" என்றார். அவர் முடிவு சரியானது என்று அவருடைய குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.